தராசுக்கும் தரைக்கும் நடுவே: ஜாக்கியின் பிழைப்பு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ கோவிந்தாபுரம் வழியாகவோ எல்லையைத் தாண்டினால், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, முதலமடை எனத் தமிழ் பேசும் ஊர்கள் பாலக்காடு மாவட்டத்துக்குள் நீண்டுகொண்டே போகும். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காளைமேல் ஒரே மாதிரிப் பிரியம். ரேக்ளா எனும் காளைவண்டிப் பந்தய நாளில் மைக்கில் கேட்பது இப்படித்தான் இருக்கும்: இன்னார் தோட்டத்துக் காளை, இன்ன ஊர், நாலு பல், 200 மீட்டர், இத்தனை நொடி. வண்டியில் குந்தியபடி கயிற்றைப் பிடித்து வந்தவர் பெயர் பெரும்பாலும் வராது. அவர் வண்டியை ஓரம்கட்டி, காளையை உரியவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகிவிடுவார்.

குதிரைப் பந்தயத்தில் நிலைமை இதைவிட ஒரு படி மேல். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் பெயர் பத்திரிகையில் வரும். குதிரையின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள். குதிரை ஜெயித்தால் குதிரை ஜெயித்தது. தோற்றால் மட்டும் "ஜாக்கி இழுத்துப் பிடிச்சுட்டான்" என்று பேச்சு அவர் பக்கம் திரும்பும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த மனிதர் அந்த ஒன்றரை நிமிஷத்தில் என்ன செய்கிறார், அதற்காக அவர் உடம்பு எத்தனை நாள் பாடுபடுகிறது, விழுந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது பந்தயம் பார்க்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. கேரளத்தில் டர்ஃப் கிளப் பந்தயம் கிடையாது. இந்த எல்லைப் பகுதிக்குப் பக்கத்துத் திடலாக ஊட்டிதான் இருந்தது. 2024-ல் தமிழக அரசு ஊட்டித் திடலைக் கையகப்படுத்தி, சென்னை கிண்டித் திடலின் குத்தகையையும் ரத்து செய்த பிறகு, இந்தப் பக்கத்து ஆட்கள் மைசூர், பெங்களூர், ஐதராபாத் திசையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கலாம். ஓடும்போது அவர் உட்காருவதே இல்லை. சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் முன்பாதம் மட்டும் பதிந்திருக்கும். முழங்கால் மடங்கி, இடுப்பு சேணத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். முதுகு குதிரையின் கழுத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1890-களின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய் இப்படி ஓட்டியபோது, குரங்கு மாதிரி ஓட்டுகிறான் என்று அங்கே சிரித்தார்கள். அவர் வரிசையாக ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. இந்த முறை பரவிய காலத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்தது என்று 2009-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காரணம் எளிது. நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் உடல் ஒவ்வொரு எட்டுக்கும், அதாவது எடுத்து வைக்கும் ஒவ்வொரு பாய்ச்சலடிக்கும், மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, முன்னும் பின்னுமாகக் குலுங்குகிறது. மூட்டைபோல ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தால், எட்டுக்கு எட்டு அந்த 50 கிலோவையும் குதிரை தூக்கிப் போட்டு வேகமூட்ட வேண்டும். ஜாக்கி தன் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் வில்லாக்கி அந்தக் குலுக்கலை வாங்கிக்கொண்டால், அவர் உடம்பு ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குதிரை அவர் எடையைச் சுமக்கும், ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த வேலை முழுக்க ஜாக்கியின் தொடைக்கு மாறிவிடுகிறது.

எவ்வளவு வேலை என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி, முழங்காலை மடக்கி, முதுகைத் தட்டையாக வைத்து, கையை முன்னே நீட்டி ஒன்றரை நிமிஷம் நில்லுங்கள். 40 நொடியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அதே நிலையில் 1,600 மீட்டருக்கு இருநூறுக்கு மேற்பட்ட குலுக்கல்கள், கீழே 450 முதல் 500 கிலோ உள்ள ஓர் உயிர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், கைக்கெட்டும் தூரத்தில் மற்ற குதிரைகள். பந்தயம் முடியும்போது ஜாக்கியின் இதயத்துடிப்பு உச்சத்தை ஒட்டி நிற்கும். இப்படி ஒரே பகலில் ஐந்தாறு பந்தயம் ஓட்டுகிறவர்களும் உண்டு.

இதற்கு நடுவே கணக்கும் போட வேண்டும். 200 மீட்டருக்குச் சுமார் 12 நொடி என்பது நல்ல குதிரையின் பந்தய வேகம். கையில் கடிகாரம் கிடையாது. முதல் பாதியில் அரை நொடி கூடுதலாக விரட்டிவிட்டால், கடைசி 200 மீட்டரில் குதிரை காலூன்றி நின்றுவிடும். மிச்சம் பிடித்தே வந்தால் ஓடத் தெம்பிருந்தும் ஓட இடமில்லாமல் எல்லைக்கோடு வந்துவிடும். அதனால்தான் விடிகாலைப் பயிற்சியில் ட்ரெயினர் "600-ஐ 40-ல் கொண்டு வா" என்பார். 600 மீட்டரை 40 நொடியில் முடிக்க வேண்டும் என்று பொருள். 38-ல் வந்தாலும் குற்றம், 43-ல் வந்தாலும் குற்றம். நல்ல ஜாக்கி அரை நொடிக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவார். அந்தக் கடிகாரம் மண்டைக்குள் ஏற வருஷக்கணக்கில் காலை நாலரை மணிக்கு எழ வேண்டும். ஒவ்வொரு காலையும் ஏழெட்டுக் குதிரை. அதில் பாதி, வாயில் இரும்பு பட்டதும் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் இளசுகள். ஜாக்கிகளின் உள்ளங்கைக் காய்ப்பும் தோள் வலியும் பெரும்பாலும் பந்தயத்தில் வந்தவை அல்ல, இந்தக் காலைகளில் வந்தவை.

இனி தராசு. இந்தத் தொழிலின் கொடுமை அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடக்கின்றன. முன்பு நன்றாக ஓடிய குதிரைக்குச் சுமை அதிகம், சுமாராக ஓடியதற்குக் குறைவு. 1,600 மீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு ஒரு குதிரை நீளம் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. ஆகவே எடையில் அரை கிலோ கூடினாலும் அது கோட்டில் தெரியும். ஒரு குதிரைக்கு 54 கிலோ என்று போட்டிருந்தால், அந்த 54-க்குள் ஜாக்கியின் உடம்பு, சேணம், வயிற்று வார், அங்கவடி, கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் அடக்கம். பெரும்பாலான விதிகளில் தலைக்கவசமும் சவுக்கும் கடிவாளமும் கணக்கில் சேராது. பந்தயச் சேணத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிஞ்சுக் குழந்தையின் செருப்பை எடுத்தது போலிருக்கும். அரை கிலோகூட இல்லாத சேணம் உண்டு. உள்ளே மரமோ இரும்போ ஏதுமில்லை, மேலே மெல்லிய தோல் மட்டும். 50 கிலோ ஆள் 54-க்கு ஓட்டினால், மிச்சத்துக்குச் சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் தட்டையான ஈயத்துண்டுகளைச் செருகுவார்கள். ஓட்டத்துக்கு முன் ஒரு தடவை நிறுப்பார்கள். முடிந்ததும், முன்னிடங்களில் வந்தவர்கள் தாங்களே சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே தராசுக்குப் போக வேண்டும். இடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எடை குறைந்திருந்தால் ஜெயித்த குதிரை தகுதியிழக்கும்.

கூடினால் அந்த சவாரியே கை நழுவலாம். இதனால் பந்தய நாளுக்கு முந்தின இரண்டு நாளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறக்க வேண்டிய நிலை பல ஜாக்கிகளுக்கு வருகிறது. இரண்டு நாளில் கொழுப்பு அப்படிக் கரையாது. இறங்குவது தண்ணீர்தான். ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ குறையும். ஆகவே மழைக்கோட்டு மாதிரியான உடையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது, சூடான நீராவி அறையில் உட்காருவது, வெந்நீரில் கிடப்பது, எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது என்றெல்லாம் பழக்கம் வந்தது. பிரிட்டனில் பந்தயத் திடல்களில் இருந்த சானா அறைகளை 2021-ல் ஒட்டுமொத்தமாக மூடினார்கள். சிறுநீர் கழியவைக்கும் மாத்திரைகள் ஊக்கமருந்துப் பட்டியலில் தடை செய்யப்பட்டவை. பரிசோதனையில் சிக்கினால் உரிமம் போகும்.

உடம்பு எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே செயல்திறன் இறங்கத் தொடங்கும். 53 கிலோ ஆளுக்கு அது ஒரே ஒரு லிட்டர். பிடிமானமும் எதிர்வினை வேகமும் குறையலாம். ஓட்டத்தின் நடுவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். முன்னே போகும் குதிரை ஒரு அடி விலகியதைக் கண் பார்த்துக் கை இழுப்பதற்குள் தாமதமாகிவிடும். ஆளைத் தளர்த்திவிட்டு அதே நாளில் அதே ஆளிடம் உச்சபட்சத் துல்லியத்தைக் கேட்கிறோம். இந்த முரண்பாட்டைப் பந்தய உலகம் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாளடைவில் வருவது இன்னும் ஆழமானது. வருஷக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்டால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. அயர்லாந்து, பிரிட்டன் ஜாக்கிகளிடம் செய்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. அடிக்கடி விழும் தொழிலில் இருப்பவருக்கு எலும்பு மெலிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வாந்தியின் அமிலத்தில் பல் அரிக்கும். சிறுநீரகம் வறளும். மனமும் சேர்ந்து துவளும். இங்கிலாந்தில் 13 முறை சாம்பியனாகி 2,748 பந்தயங்களை வென்ற ஃப்ரெட் ஆர்ச்சரின் உயரம் சுமார் 178 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அந்த எடை இயற்கையே இல்லை. 1886 இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய பந்தயத்துக்காகக் கடுமையாகப் பட்டினி கிடந்தார். மிகச் சிறிய இடைவெளியில் தோற்றார். பிறகு காய்ச்சலில் விழுந்து, மனம் குலைந்து, 29 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நூற்றிநாற்பது ஆண்டுகள் கழிந்தும் தராசின் கணக்கு அதிகம் மாறவில்லை, மனித உடம்புதான் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்திருக்கிறது.

எடையைப் பத்திரமாகக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ என்ற கணக்கில் இறக்கினால் போவது பெரும்பாலும் கொழுப்பு, தசை தங்கும். அதற்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 52 கிலோ ஆளுக்கு நாளைக்கு 62 முதல் 83 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தால், காலையில் ஒரு காபி, ராத்திரி இரண்டு இட்லி என்று ஓட்டும் பையன் எவ்வளவு பின்னால் நிற்கிறான் என்பது புரியும். கம்மங்கூழும் ராகிக்களியும் வயிற்றை நிறைக்கும், கால்சியமும் ராகியில் நல்ல அளவு உண்டு. ஆனால் புரதத்துக்கு முட்டை, மீன், பயறு, மோர் என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும். தராசிலிருந்து இறங்கியதும் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் சரியில்லை. வியர்வையில் அதிகம் போவது சோடியம். பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். ஒரு இளநீரோடு இரண்டு சிட்டிகை உப்பு போட்ட மோரும் சேர்ந்தால்தான் இழந்தது திரும்பும்.

ஜாக்கியாக வேண்டும் என்று ஆசைப்படும் பையன்களைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். 15 வயதில் 42 கிலோ இருப்பவன் 19-ல் எப்படியிருப்பான் என்பதை அன்றைய எடை காட்டாது. அனுபவசாலிகள் பையனின் பாதத்தையும் கையையும் பார்ப்பார்கள், அப்பா அம்மாவின் உயரத்தைக் கேட்பார்கள். பாதம் பெரிசாக இருந்தால் உயரம் பின்னால் வரும். மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்தால் வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்று மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். படிப்பை நிறுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது. மூன்று வருஷம் சாணி அள்ளி, குதிரை தேய்த்து, ஓட்டக் கற்று, உரிமம் கைக்கு வரும் நேரத்தில் உடம்பு வளர்ந்து கதவைச் சாத்திக்கொண்ட பையன்கள் எல்லாப் பந்தய ஊரிலும் உண்டு.

ஆபத்து ஓட்டம் தொடங்குமுன்பே தொடங்கிவிடுகிறது. குதிரைகள் வரிசையாக நின்று கிளம்பும் கூண்டான ஸ்டார்டிங் கேட்டில் ஒரு குதிரைக்கான இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் மெத்தை போட்ட இரும்பு. அரை டன் உயிரை அதற்குள் நுழைத்துப் பின்கதவைச் சாத்துகிறார்கள். அது மிரண்டு பக்கவாட்டில் சாய்ந்தால் நடுவில் மாட்டுவது ஜாக்கியின் முழங்கால். முன்னங்காலைத் தூக்கி மல்லாந்தால் ஜாக்கி அடியில். ஆகவே அங்கே நிற்கும் சில நொடிகளில் ஒரு கண் குதிரையின் காதில் இருக்கும். காது பின்னால் படுத்தால் உதைக்கப் பார்க்கிறது, முன்னால் விறைத்தால் கதவைக் கவனிக்கிறது. கதவு திறக்கும் கணத்தில் பிடரி மயிரில் ஒரு பிடியைச் சேர்த்துப் பிடித்திருப்பார். குதிரை ஓர் எட்டில் முன்னே பாயும்போது கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் குதிரையின் வாய் கிழியும், பாய்ச்சலும் கெடும்.

ஓட்டத்தில் விழுவதற்குக் காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, முன்னே போகும் குதிரையின் பின்னங்குளம்பில் தன் குதிரையின் முன்னங்கால் தட்டுவது. முன்னவர் ஓர் அடி உள்ளே சாய்ந்தால் போதும், பின்னால் வருகிற குதிரை தலைகுப்புற விழும். ஜாக்கிக்குக் கைநீட்டக்கூட நேரம் இருக்காது. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே குதிரையின் காலெலும்பு முறிவது. ஏற்கெனவே நுண்ணிய விரிசல் விட்ட எலும்பு அந்த வேகத்தில் ஒடிந்துவிடும். அனுபவமுள்ள ஜாக்கி எட்டின் தாளம் லேசாக மாறுவதை வைத்தே அதை உணர்ந்து, நிறுத்திவிடப் பார்ப்பார். வார் நழுவிச் சேணம் வயிற்றுப் பக்கம் சுழல்வதும் உண்டு. குதிரை வயிற்றை உப்பியிருக்கையில் கட்டியபோது இறுக்கமாக இருந்த வார், குதிரை நடந்து மூச்சு விட்டதும் தளரும். அதனால்தான் கேட்டுக்குள் போகுமுன் இன்னொரு முறை இறுக்குகிறார்கள். அங்கவடித் தோல் தையல் விட்டுப்போவது, உள்வேலியில் உரசுவது, நிழலைப் பார்த்துத் தாண்டுவது என மற்றவையும் இருக்கின்றன.

விழுகிறவருக்குத் தரையைவிடப் பின்னால் வரும் குதிரைகளே பெரிய அபாயம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை மடக்கி, உருண்டு, உருண்ட இடத்திலேயே சுருண்டு கிடக்க வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். எழுந்து ஓடப் பார்த்தால்தான் ஆபத்து. குதிரை கீழே கிடப்பதைத் தாண்டப் பார்க்கும், குறுக்கே ஓடுவதைத் தாண்ட அதற்கு நேரமிருக்காது. அவர் மேல் இருப்பது ஒரு தலைக்கவசம், ஒரு நெஞ்சுக் கவசம். கவசத்தின் உள்ளே உள்ள நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். நெஞ்சுக் கவசம் விலா எலும்பையும் உள்ளுறுப்பையும் ஓரளவு காக்கும். கழுத்து திரும்புவதையோ முதுகெலும்பு மடங்குவதையோ அது தடுக்காது. 1979-ல் மும்பையில் விழுந்து இறந்தபோது ஜாக்கி கார்ல் உம்ரிகருக்கு வயது 19. இந்தியப் பந்தயத்தின் பெரிய நம்பிக்கையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஓடும் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸும் ஓடிவருவதைப் பந்தயத் திடலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆம்புலன்ஸ் கூடவே வரும் வேலை வேறு எத்தனை இருக்கிறது?

காலைப் பயிற்சியில் அந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் அதே அளவுக்கு இருப்பதில்லை. ரேக்ளாவில் நிலைமை இன்னும் மோசம். இளவட்டக் காளை இரண்டு, லேசான வண்டி, இரண்டு பக்கமும் கயிறுகூடக் கட்டாமல் நிற்கும் ஜனம். கடையாணி கழன்றாலோ சக்கரம் கல்லில் ஏறினாலோ ஓட்டுகிறவர் முன்பக்கமாக நுகத்தடிமேல் விழுவார், சக்கரம் அவர்மேல் ஏறும். தலைக்கவசம் போட்டு ஓட்டுபவரைப் பார்ப்பது அரிது. விழுந்தவரை நாலு பேர் கை ஒருபுறம் கால் ஒருபுறமாகத் தூக்கி ஆட்டோவில் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கழுத்தில் அடிபட்டவருக்கு அந்தத் தூக்கல்தான் வாழ்நாள் முடக்கத்தைக் கொண்டுவரும். செய்ய வேண்டியது: காளைகளைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு, ஆளை அசைக்காமல், இரண்டு கையாலும் தலையை இருபுறமும் பிடித்தபடி 108-க்குக் காத்திருப்பது. மூச்சு தடைபட்டால் மட்டுமே தலைக்கவசத்தில் கை வைக்க வேண்டும். 108 தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே எண்தான். எல்லை ஊரில் கைபேசி எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது, ஆகவே ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்று "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்கிறவரையும் நம்பிவிடக் கூடாது. கேட்டதையே திரும்பக் கேட்பது, வாந்தி, வெளிச்சம் கூசுவது, தடுமாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை குலுங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு இன்னொரு ஓட்டம் கூடவே கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், சிறிய அடியும் உயிருக்கு ஆபத்தாகும்.

சட்டத்தின் பக்கம் ஒரு விசித்திரம் இருக்கிறது. தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டமில்லை என்றது நீதிமன்றம். அந்த முடிவுக்கு வர அது எடுத்துப் பார்த்தவற்றில் குதிரையின் தரம், பயிற்சி, சுமக்கும் எடை, தூரம் இவற்றோடு ஜாக்கியின் திறமையும் ஒன்று. அதாவது பந்தயம் சட்டப்படி நிலைத்ததற்கு ஜாக்கியின் கைவண்ணமும் ஒரு சாட்சி. கிளப்புகள் அந்தத் தீர்ப்பால் பிழைத்தன.

அதே ஜாக்கி ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன நடக்கும்? மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகளில் 09 என்ற குறியீட்டைப் படித்துப் பாருங்கள். ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பதால் வரும் சிகிச்சைச் செலவு சேராது என்று சொல்லி, மலையேற்றம், மோட்டார் பந்தயம் ஆகியவற்றோடு குதிரைப் பந்தயத்தையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சாதாரணமாக நாம் எடுக்கும் பாலிசி ஜாக்கிக்குச் சர்க்கரை நோய்க்கு உதவும், அவர் தொழிலில் ஒடியும் எலும்புக்கு உதவாது. கிளப்போ ஜாக்கிகள் சங்கமோ தனியாகக் குழுக் காப்பீடு எடுத்திருந்தால்தான் உண்டு. அந்தப் பட்டியல் "இவை மட்டுமின்றி" என்ற வாசகத்தோடு எழுதப்பட்டிருப்பதால், கூலிக்கு ரேக்ளா ஓட்டுகிறவரும் அதில் மாட்டக்கூடும். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். ஆஸ்பத்திரி பில்லுக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாமா என்றால், யார் முதலாளி? இரண்டு மணிப் பந்தயத்தில் ஒருவர் குதிரை, மூன்று மணிக்கு இன்னொருவர் குதிரை. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கட்டணம், ஜெயித்தால் பரிசுத் தொகையில் ஒரு பங்கு. சவாரி இல்லாத வாரம் வருமானம் இல்லாத வாரம். தோள்பட்டை எலும்பு ஒடிந்து எட்டு வாரம் படுத்தால், அந்த எட்டு வாரத்தில் அவர் ஓட்டிய நல்ல குதிரைகள் வேறு கைக்குப் போயிருக்கும். அதனால்தான் பாதி ஆறிய எலும்போடு திரும்பி வருகிறார்கள், தலை சுற்றுகிறது என்பதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். இதை அவர்களுடைய முரட்டுத்தனம் என்று நினைப்பது தவறு. சம்பளம் அப்படி அமைந்திருக்கிறது.

பெரிய திடல்களில் இதையெல்லாம் மாற்றக் கிளப்புகளும், பந்தய விதிகளைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகளும் உட்கார்ந்து பேச வேண்டும்: குறைந்தபட்ச எடையை உயர்த்துவது, காலைப் பயிற்சிக்கும் ஆம்புலன்ஸ், காயம்பட்ட வாரங்களுக்குப் படி. நம் எல்லை ஊர் ரேக்ளாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பதிவு மேஜையில் இருக்கும் நோட்டில் இப்போது வரிசை எண், காளைக்காரர் பெயர், ஊர், பல், தூரம் என்று கட்டங்கள் இருக்கின்றன. பல்லுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் அடித்துக்கொள்ளலாம்: ஓட்டுகிறவர் பெயர், ரத்த வகை, வீட்டுக் கைபேசி எண். மைக்கைப் பிடிப்பவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் படிக்கிறார். ஓட்டுகிறவர் பெயர் அதில் இருந்தால், காளையின் பெயரோடு சேர்த்து அதையும் படிப்பார்.